அந்தப் பாட்டில் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். உன்னத் பாரத் திட்டத்தில் எங்கள் கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறது. அவற்றில் மூன்று ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு, மக்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு தொடங்கினேன். 64 கேள்விகள் கொண்ட படிவம், 30 மாதிரி இடங்கள். முதல் சனிக்கிழமை, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 42 பேரில் 38 பேர் வந்தார்கள். நான்காவது சனிக்கிழமை ஏழு பேர். "இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா மேடம்?" என்று கேட்கிறார்கள். சிலர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படிவங்களைத் தாங்களே நிரப்பியதைக் கண்ணால் பார்த்தேன். மனசு விட்டுப் போய்விட்டது. மீதியிருக்கும் ஏழு பேரிலும் ஒரு மாணவன், எங்கள் பட்டியலிலேயே இல்லாத தன் ஊரிலிருந்து வீட்டு போர் தண்ணீரைக் குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "இதையும் டெஸ்ட் பண்ணுங்க மேடம்" என்கிறான். ரசாயனம் அளவாக இருப்பதால் திருப்பி அனுப்பினேன். ஆய்வு என்றால் என்னவென்றே புரியாத மாணவர்களுக்கு எப்படி ஆர்வத்தை உண்டாக்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் குளிர்பான பாட்டில் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு பையன் தன் வீட்டுத் தண்ணீரை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி, உங்களைத் தேடி வந்திருக்கிறான். அவன் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை சொல்லக்கூடிய ஆள் நீங்கள் என்றும் நம்புகிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூகப்பணித் துறையில் மாணவர்களைக் கிராம ஆய்வுகளுக்கு அழைத்துப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பெரிய ஆர்வத்தை எந்த மாணவரிடமும் நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிலுக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். முதலில், வராமல் போன 31 பேரைப் பற்றிப் பேசலாம்.

அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஆர்வம் இல்லை என்பது உங்கள் முடிவு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தேன். 1990-களில் ஒரு மாணவி, வகுப்பிலேயே கூர்மையானவர், இரண்டு களப்பயணத்துக்குப் பிறகு வரவே இல்லை. சோம்பல் என்று நினைத்து அவருக்கு மதிப்பெண்ணையும் குறைத்தேன். நாங்கள் ஊரிலிருந்து கிளம்பும் நேரத்தில் அவருடைய கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் போய்விடும் என்பது எனக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆனது. இரண்டு முறையும் அவருடைய அப்பா மெயின் ரோட்டில் சைக்கிளோடு காத்திருந்து கூட்டிப் போயிருக்கிறார். மூன்றாவது முறை அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படி நானும் நடந்துகொள்ளவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

உங்கள் மாணவர்களின் சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங் வேலையில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூலிதான் அவர்களுடைய அந்த வாரச் செலவு. சிலர் மொபைல் கடையில், சிலர் துணிக்கடையில் நிற்பார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை, பையன்களுக்கு உண்டு. கல்லூரி பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில்தான் செல்லும். ஆய்வு ஊருக்குச் செல்லாது. நான்கு வாரம் தொடர்ந்து கையிலிருந்து பஸ் காசும் மதியச் சாப்பாடும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் "காசு இல்லை மேடம்" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "மார்க் உண்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சில நேரம் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கும்.

அதனால் முதல் வேலையாக அந்த 31 பேரிடமும் தனித்தனியாக, அதட்டல் இல்லாமல் கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேட்டாலும் சரி. சனிக்கிழமையை வார நாள் ஒன்றின் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா, ஆய்வகப் பாட நேரத்தை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று துறைத்தலைவரிடம் பேசுங்கள். பயணச் செலவைத் துறைக் கணக்கில் போட முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. திட்ட அலுவலரோடு பேசி, இந்தக் களப்பணி நேரத்தை அதில் சேர்க்கலாம். இதெல்லாம் ஊக்கம் பற்றிய பேச்சாகவே தோன்றாது. ஆனால் என் அனுபவத்தில் போன மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் திரும்பி வந்தார்கள்.

அப்புறம், அந்த 64 கேள்விகள். அவற்றை யார் எழுதினார்கள்? நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள், நன்றாகவும் எழுதியிருப்பீர்கள். ஆனால் மாணவர்களுக்கு அதில் என்ன பங்கு? உங்கள் கேள்வியை உங்களுக்காகச் சுமந்து போய், பதிலை உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கும் வேலை. சம்பளம் கொடுத்தாலே அந்த வேலையில் ஒருவர் நிலைப்பது கடினம். மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியது தவறுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 64 கேள்விப் படிவத்தோடு வெயிலில் நின்று, கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவிடம் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டு, அவர் முகம் சுருங்குவதை ஐந்தாறு வீட்டில் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளைகள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூசியிருப்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். "இந்தப் படிவத்தில் எந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து புதிய படிவம் பிறக்கும். அதில் பத்துக் கேள்விக்கு மேல் இருக்காது. மரத்தடிப் படிவங்களை மட்டும் தனியே எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே விலக்கிவிடுங்கள். பொய்யான எண் ஒன்று ஒரு குடும்பத்தை எந்தத் தண்ணீரைக் குடிக்க வைக்கும் என்று விளக்கினால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். இந்த நாட்டின் பொருளாதாரம் கிராமத்தில்தான் இருக்கிறது, அதை வகுப்பறையில் உட்கார்ந்து படிக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களிடம் அதைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன விளைகிறது என்று அந்த மாணவர்கள் 1916-லிருந்து தங்கள் ஊரையே கணக்கெடுத்தார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலி கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலைபுரம். 1918-ல் அது நூலாக வந்தது. இருபது ஆண்டு கழித்து, 1930-களின் பிற்பகுதியில், சென்னைப் பல்கலைக்கழகத்தார் திரும்பவும் அதே ஊர்களுக்குப் போய்க் கணக்கெடுத்தார்கள். 1980-களில் வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆய்வாளர்கள் போனார்கள். ஒரு தென்னிந்தியக் கிராமம் நூறு ஆண்டில் எப்படி மாறியது என்று இன்று நம்மால் பேச முடிகிறது என்றால், அதற்கு முதல் கல் வைத்தவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன கல்லூரிப் பிள்ளைகள்.

இந்தக் கதையை உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன ஒவ்வொரு முறையும் வகுப்பில் ஓர் அமைதி வந்தது. தாங்கள் எழுதப்போகும் நோட்டை இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்த வயதுக்குப் பெரியது. ஸ்லேட்டர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, மாணவரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பியதுதான். அங்கே போனால் யாரையும் "ஐயா, வணக்கம், நாங்கள் இன்ன கல்லூரியிலிருந்து வருகிறோம்" என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. மாமா, சித்தி, பெரியப்பா என்று ஆரம்பிக்கலாம்.

உங்கள் 42 பேரில் எத்தனை பேரின் சொந்த ஊர் ஃபுளோரைடு உள்ள ஊர் என்று யோசித்தீர்களா? தருமபுரியில் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஆய்வகமே வேண்டாம். வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல்லில் அந்தப் பழுப்புக் கறை, நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் குடித்த ஃபுளோரைடுத் தண்ணீர் விட்டுச் சென்ற தடம். எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடுகிற விஷயம், தேய்த்தால் போகாது. அந்தப் பிள்ளையைப் பல் விளக்காதவன் என்று யாராவது பள்ளிக்கூடத்தில் கேலி செய்திருப்பார்கள். நீங்கள் வேதியியல் ஆசிரியை. அது அழுக்கு இல்லை, பாறையிலிருந்து கரைந்து வந்த ஓர் உப்பு செய்த வேலை, உன் தவறு இதில் ஒரு துளியும் இல்லை என்று பாடத்தோடு பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள். எந்த மாணவரையும் எடுத்துக்காட்டாக நிற்க வைத்துவிடாதீர்கள். அப்படிச் சொன்ன அன்றைக்கு ஃபுளோரைடு என்பது பாடப் புத்தகத்து வார்த்தையாக இருக்காது. அவர்கள் உடம்பின் கதையாகிவிடும்.

ஆய்வு ஊர்களிலும் இதையே செய்யலாம், வேறு விதமாக. அடுத்த முறை போகும்போது படிவமே எடுத்துப் போகாதீர்கள். இரண்டு கிலோ கோலமாவு எடுத்துப் போங்கள். கோயில் திடலிலோ பள்ளிக்கூட வாசலிலோ ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு, தரையில் ஊரை வரையச் சொல்லுங்கள். தெரு, மேல்நிலைத் தொட்டி, கைப்பம்பு, போர், வற்றிப் போன கிணறு, ஏரி. எந்தத் தண்ணீர் குடிக்க, எந்தத் தண்ணீர் சமைக்க, எது மாட்டுக்கு என்று கல்லும் இலையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கிராம மதிப்பீட்டு முறையில் இது பல ஆண்டுகளாகப் புழங்கும் வழி. நம் பெண்களுக்கோ கோலமாவு கையில் பிறந்தது. அரை மணி நேரத்தில் உங்கள் 30 மாதிரி இடங்களில் பத்து இடம் தவறு என்று தெரிந்துவிடும். யாரும் குடிக்காத போரில் நீங்கள் தண்ணீர் பிடித்திருப்பீர்கள்.

அந்த வரைபடத்தைச் சுற்றி உங்கள் மாணவர்களை உட்கார வையுங்கள். கேள்வி அங்கே தானாக எழும். "இந்தத் தண்ணியில பருப்பு வேகறதில்லை" என்று ஒருவர் சொல்வார். "ஒகேனக்கல் தண்ணி வருதே, அப்புறம் ஏன் கேன் தண்ணி வாங்கறீங்க?" என்று உங்கள் மாணவி கேட்பார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டத்தின் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே வந்தது. அது தெருக்குழாய்க்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, வராத நாளில் என்ன குடிக்கிறார்கள், மேல்நிலைத் தொட்டியில் அதோடு போர் தண்ணீர் கலக்கிறதா? இது உங்கள் படிவத்தில் இருந்ததா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்கே தோன்றினால், அதை அவர்கள் ஆய்வுக் கேள்வியாக்கிக்கொள்ள விடுங்கள். உங்கள் ஃபுளோரைடு அளவீடு அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் திட்ட அறிக்கையில் தலைப்பு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு யோசனை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியை வைத்துத் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊர்களில் அப்படிப் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தால், அவர்களைக் கொண்டு உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும்போது வண்ண அட்டையோடு எப்படி ஒப்பிடுவது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று ஓர் அக்கா கற்றுக்கொடுக்க, இளநிலை அறிவியல் மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். பிறகு அதே மாதிரியைக் கல்லூரி ஆய்வகத்தில் மின்முனை வைத்து அளந்து, இரண்டு எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கட்டும். அந்த ஒப்பீடே ஒரு நல்ல ஆய்வு. ஊரும் கல்லூரியும் ஒருவரை ஒருவர் சரிபார்க்கிற மாதிரி அமையும்.

இனி கொஞ்சம் கனமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பயிற்சிக் கையேடுகள் எழுதுவதில்லை.

ஊருக்குள் போகும் மாணவரிடம் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கப்படும் கேள்வி, "நீ எந்த ஊர்? எந்தத் தெரு?" என்பது. அது எதைக் கேட்கிறது என்று நமக்குத் தெரியும். காலனியிலிருந்து வந்த மாணவருக்கு அந்த நிமிடம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கல்லூரி வளாகத்தில் அவர் வேதியியல் மாணவர். அந்தத் திண்ணைக்கு முன்னால் வேறொன்றாக்கப்படுகிறார். திண்ணையில் உட்காரச் சொல்வார்களா, தண்ணீர் எந்தச் சொம்பில் கொடுப்பார்கள் என்ற பதற்றத்தோடு ஆய்வு செய்யச் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் அவர் வரவில்லை என்றால் ஆர்வம் இல்லை என்று சொல்வது பெரிய அநியாயம். என்னோடு வந்த ஒரு மாணவர் இப்படி ஓர் ஊரில் அவமானப்பட்டு, அதை மூன்று ஆண்டு கழித்து, வேலைக்குப் போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

அதனால் முதல் பயணம் எப்போதும் நீங்களும் கூடவே. யாரையும் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பாதீர்கள், மூன்று பேராக அனுப்புங்கள். எந்தத் தெருவில் முதலில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். நான் பிற்பாடு எப்போதும் காலனியில்தான் ஆரம்பிப்பேன். கடைசிக் குழாய் அங்கே இருக்கும், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருவதும் அங்கேதான். ஆய்வுக் காரணமே போதுமானது. மாலையில் திரும்பும் முன் பதினைந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து, இன்று என்ன நடந்தது, எது வலித்தது என்று பேச இடம் கொடுங்கள். ஆய்வுத் தகவலைவிட அந்தப் பதினைந்து நிமிடம்தான் அடுத்த வாரத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும்.

ஊரைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. "இந்த ஊர் தண்ணியில கோளாறு" என்று கல்லூரிக்காரர்கள் எழுதிவிட்டால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிப்பார்கள் என்று பெரியவர்கள் பயப்படுவது நியாயமானது. அறிக்கையில் குடும்பப் பெயர் எதுவும் வராது, பல் படம் எதுவும் எடுக்க மாட்டோம், ஊர் முதலில் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகும் என்று மாணவர்களே ஊரிடம் வாக்குக் கொடுக்கட்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர் என்ற பொறுப்பு வந்துவிட்டால், மாணவர்கள் அவ்வளவு எளிதில் விலக மாட்டார்கள்.

மாணவர்கள் மதிப்பெண் பற்றிக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். எட்வர்டு டெசி என்ற உளவியலாளர் 1971-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஒரு சுற்றில் மட்டும் விடைக்குக் காசு கொடுத்தார். காசு நின்ற பிறகு அவர்கள் அந்தப் புதிரைச் சும்மா கையில் எடுத்து விளையாடுவது குறைந்தது. நன்றாகச் செய்கிறாய் என்று பாராட்டுக் கிடைத்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை. இதை வைத்து மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உழைப்புக்குக் கணக்கு இருக்க வேண்டும், அது மாணவரின் உரிமை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வையுங்கள். நிரப்பிய படிவ எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் வேப்ப மரத்தடி நிரம்பத்தான் செய்யும். களக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். அன்று பார்த்தது, கேட்டது, புரியாதது, தவறிப் போனது எல்லாம் அவரவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்து ஓரத்தில் இரண்டு வரி நீங்கள் எழுத வேண்டும். 42 நோட்டுக்கும் எழுதுவது பெரிய வேலைதான், தெரியும். ஆனால் தான் எழுதியதை ஆசிரியர் வரி விடாமல் படித்தார் என்று தெரிந்த மாணவருக்கு மார்க் பற்றிய பேச்சு இரண்டாம்பட்சமாகிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சென்னைக் கடற்கரையில் ஆமை நடை என்று ஒன்று நடக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988-லிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் ஆண்டுத் தொடக்க மாதங்களில் இரவு முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடி, நூற்றுச் சொச்சம் முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு வெளியே வரும். மதிப்பெண் இல்லை, தூக்கம் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஆட்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள். எப்படி? அங்கே போன வருடம் நடந்தவர் இந்த வருடம் வந்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். தான் எடுத்து வைத்த முட்டை பொரிந்து, குஞ்சு கடலுக்குள் இறங்குவதை அதே கண்ணால் பார்க்கிறார். உங்கள் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடம் செய்யுங்கள். அந்த ஏழு பேரையும் அடுத்த ஆண்டு இளையவர்களுக்கு வழிகாட்டிகளாக்குங்கள். வகுப்பில் இன்னொன்றும் விசாரியுங்கள். பள்ளியில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுக் கட்டுரை செய்தவர்கள் ஓரிருவர் இருக்கக்கூடும். 1993-லிருந்து நடக்கும் அந்த மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாய்மொழியிலேயே ஆய்வு செய்கிறார்கள். அதைச் செய்தவர் உங்களுக்குப் பாதித் துணைவர்.

குஞ்சு கடலில் இறங்குவது உங்கள் ஆய்வில் எது? முடிவு ஊருக்குத் திரும்பிப் போகும் நாள்தான். "போன வருஷமும் இப்படித்தான் வந்து எழுதிட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்வார்கள். அதைக் கேட்டு நிற்கும் மாணவருக்கு அவமானமாக இருக்கும், பதிலும் இருக்காது. அந்த அவமானம்தான் பல பேரை இரண்டாவது வாரத்தோடு நிறுத்துகிறது என்பது என் உறுதியான எண்ணம். எனவே முதல் நாளே ஊரில் தேதி சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கும் கிராம சபை உண்டு. உங்கள் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பத்து நிமிடம் வாங்குங்கள். நீங்கள் பேச வேண்டாம், மாணவர்கள் பேசட்டும்.

என்ன பேசுவது என்பதில் மட்டும் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். பெட்டிச் சோதனையில் அதிகம் காட்டிய ஒவ்வொரு மாதிரியையும் ஆய்வகத்தில் உறுதி செய்த பிறகே சொல்ல வேண்டும். இந்திய தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை, அதற்கு மேல் குடிக்க வேண்டாம். "விஷத் தண்ணீர்" என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. இந்தப் போரைத் துவைக்க, குளிக்க, மாட்டுக் கொட்டகை கழுவ வைத்துக்கொள்ளலாம், குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய் என்று தெரு தெருவாகச் சொன்னால் போதும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கும். கிருமிக்குத்தான் காய்ச்சுவது, ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். இந்த ஒரு செய்தியை உங்கள் மாணவி ஒருவர் ஐம்பது பேர் முன்னால் நின்று தெளிவாகச் சொல்லி, கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து "அப்போ என் பேரப் பிள்ளைக்கு எந்தத் தண்ணி குடுக்கறது கண்ணு?" என்று கேட்கும் நாளில், ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது என்ற உங்கள் கேள்விக்கு அவசியமே இருக்காது.

சரி, அந்தப் பாட்டில். நாளைக்கே அந்த மாணவரைக் கூப்பிடுங்கள். அன்றைக்குத் திருப்பி அனுப்பியதற்கு வருத்தம் சொல்லுங்கள். ஆசிரியர் மாணவரிடம் வருத்தம் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. அவர் கொண்டுவந்த அந்த மாதிரி பயன்படாது என்பது உண்மை. இனிப்பும் அமிலமும் ஊறிய பாட்டில், எப்போது பிடித்தது என்ற குறிப்பும் இல்லை. ஏன் பயன்படாது என்று அதையே முதல் பாடமாக்கிச் சொல்லிக்கொடுங்கள். புதிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொடுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடுக்கும் கண்ணாடிக்கும் ஒத்துக்கொள்ளாது. போரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வாய் வரை பிடித்து, தேதி, நேரம், இடம், போரின் ஆழம் தெரிந்தால் அதையும் எழுதி ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் அவர் கையாலேயே சோதிக்க வையுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வரும் எண்ணைக் கல்லூரித் தாளில் தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, "அம்மாகிட்ட குடுப்பா" என்று கொடுத்தனுப்புங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பேர் பாட்டில் கொடுத்தனுப்பினார்கள் என்று அடுத்த வாரம் எனக்கு எழுதுங்கள். ரசாயனம் போதாமல் போனால் அதையும் எழுதுங்கள், எங்கே கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.